மாப்பிள்ளைக்கு இடது வலது தெரியாது

போன சனிக்கிழமை குதிரை லாயத்தில் இருந்தவர்கள் — நான், என் மதினி, மதினியின் ஏழு வயது மகள் ஜெனிலா, பயிற்சி கொடுக்கிற மிஸ், அப்புறம் மாப்பிள்ளை.

இல்லாதவன் என் அண்ணன். ஜெனிலாவின் அப்பா. சனிக்கிழமை அவனுக்குத் தொழில் நாள். வள்ளத்தோடு கடலில் இருந்தான்.

இல்லாதவனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவனை மறந்துதான் இத்தனை பாடும் பட்டோம்.

மாப்பிள்ளை யார் என்கிறீர்களா? குதிரை.

மாப்பிள்ளையூரணி என்ற ஊரைத் தாண்டி, உடைமரக் காட்டுக்கு நடுவே ஒரு டிரஸ்ட் இருக்கிறது. யாருக்கும் வேண்டாமல் போன குதிரைகளை வாங்கி வந்து வைத்துப் பராமரிக்கிறார்கள். கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து கால் நொந்த குதிரை, வண்டி இழுத்து முதுகு புண்ணான குதிரை... அந்த வரிசையில் இவன், ஊர் ஊராகக் கல்யாண மாப்பிள்ளைகளைச் சுமந்தவன். வயதானதும் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பழைய பழக்கம் போகுமா? யாருடைய செல்போனிலாவது மேளச் சத்தம் ரிங்டோனாக வந்தால் போதும், முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்து ஊர்வலத்துக்குத் தயாராகிவிடுவான். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

இந்தப் பெயரால் பட்ட சங்கடம் கொஞ்சமில்லை. முதல் வாரம் திரும்பி வரும்போது, டவுன் பஸ்சில் மதினி தன் அம்மாவிடம் போனில் பேசுகிறாள்:

"மாப்பிள்ள நல்ல உசரம்மா. நெறம் கொஞ்சம் கம்மிதான். கொணம் தங்கம். பல்லுதான் மஞ்சளா இருக்கு... ஆமா, கொள்ளு வச்சா சத்தமில்லாம தின்னுட்டு நிக்கான்."

முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா மெதுவாகத் திரும்பினார். மதினியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "பொண்ணு யாருமா? பாவம்லா..." என்றார்.

சரி. மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைக்குக் குதிரை எதற்கு?

நியாயமான கேள்விதான். எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். "குதிர மேல ஏறி சாளை பிடிக்கப் போறாளோ?" என்றுகூட ஒருவர் கேட்டார். சிரித்து மழுப்பினோம். காரணத்தை வெளியே சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. அண்ணன் சின்ன வகுப்பிலேயே பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வலையைப் பிடித்துவிட்டான். ஆக, நான் காலேஜ் முடித்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலைக்கும் சேர்ந்த பிறகு, வீட்டுக்கு வருகிற எழுத்தெல்லாம் என் தலையில்தான் விடியும். ரேஷன் கார்டில் பெயர் திருத்தமா? தம்பியக் கூப்பிடு. பேங்கிலிருந்து மெசேஜா? தம்பியக் கூப்பிடு. ஜெனிலா ஸ்கூலில் பேரன்ட்ஸ் மீட்டிங்கா? கேட்கவே வேண்டாம்.

போனேன். டீச்சர் நல்லவர். நோட்டைத் திறந்து காட்டினார். ஆங்கிலத்தில் சின்ன 'பி' எழுதச் சொன்னால் ஜெனிலா அதைத் திருப்பிப் போட்டு 'டி' ஆக்கியிருந்தாள். 'டி' எழுதச் சொன்ன இடத்தில் 'பி'. மூன்றாம் எண் வேறு கண்ணாடியில் தெரிகிற மாதிரி பின்பக்கமாகத் திரும்பி நின்றது.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். லெப்ட் ரைட்ல கொஞ்சம் கன்ஃப்யூஷன் மாதிரி தெரியுது. எதுக்கும் ஒரு தடவ காட்டிருங்க" என்றார்.

இந்தக் 'காட்டிருங்க' என்ற வார்த்தையை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? யாரிடம் காட்ட, எதைக் காட்ட — இரண்டுமே அதில் இருக்காது. 

படித்தவன் என்ன செய்வான்? செல்போனில் தேடுவான். தேடினேன். வாயில் நுழையாத நீள நீளப் பெயர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அறிகுறிகள். படிக்கப் படிக்க எல்லாமே ஜெனிலாவுக்குப் பொருந்தியது. இன்னும் கொஞ்சம் படித்தபோது பாதி எனக்கே பொருந்தியது!

மதினியிடம் பாதி சொன்னேன், பாதி சொல்லவில்லை. சொல்லாத பாதியை அவள் என் முகத்தில் படித்துக்கொண்டாள். எழுத்துதான் அவளுக்குத் தகராறு. முகம் நன்றாகப் படிப்பாள்.

அப்போதுதான் ஆபீஸ் நண்பர் ஒருவர் இந்த லாயத்தைப் பற்றிச் சொன்னார். குதிரை மேல் உட்கார்ந்தால் இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும். இடது, வலது தன்னால் பிடிபடும். தன் அக்கா மகனுக்கு நல்ல மாற்றம் தெரிந்தது என்றார். அடுத்த சனிக்கிழமையே போய் நின்றோம்.

மிஸ்ஸுக்குப் பொள்ளாச்சிப் பக்கம். கால்நடை மருத்துவம் படித்தவர். சின்ன வயசு. முழங்கால் வரை பூட்ஸ், தலையில் ஒரு பழைய துண்டு.

"ஃபீஸ் எவ்வளவு மிஸ்?" என்றேன், பர்சைத் தொட்டுக்கொண்டே.

"ஃபீஸெல்லாம் இல்லீங்க. பிள்ளை கூட வர்றவங்க ஒரு மணி நேரம் இங்க வேலை செய்யோணும். அவ்வளவுதானுங்க."

"என்ன வேலை?"

மிஸ் ஒரு மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

குதிரைச் சாணத்துக்கு லத்தி என்று பெயர். இத்தனை வருஷப் படிப்பில் இந்தச் சொல் எனக்குத் தேவைப்பட்டதே இல்லை. இப்போது நன்றாகத் தெரியும். காலை வெயிலில் லத்தி அள்ளி, கூடையில் போட்டு, வேலியோரம் குவிக்க வேண்டும். மதினி அதை ஒரு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் அம்மாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: "ஏலே... இதுக்காலே ஒன்ன அம்புட்டு கஷ்டப்பட்டுப் படிக்க வச்சேன்?"

முதல் வகுப்பு அருமையாகப் போனது. ஜெனிலாவுக்கு ஹெல்மெட் மாட்டி, மாப்பிள்ளை மேல் ஏற்றி, மிஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடத்திப் போனார். பிள்ளைக்குத் துளி பயமில்லை. குதிரையின் அசைவுக்குத் தன் உடம்பை விட்டுக்கொடுத்து, அலையில் மிதக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். "முன்னாடி எங்காச்சும் ஓட்டியிருக்குதுங்களா?" என்று மிஸ்ஸே கேட்டார். மதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டாவது வகுப்பில் கடிவாள வாரை அவள் கையிலேயே கொடுத்தார்கள். தரையில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டிவர வேண்டும்.

"லெப்ட் போகோணும் கண்ணு... லெப்ட்."

ஜெனிலா வலது கை வாரை இழுத்தாள். மாப்பிள்ளை சமர்த்தாக வலது பக்கம் திரும்பி ஒரு கூம்பைச் சாய்த்தான்.

"இல்ல கண்ணு. சரி, இப்ப ரைட்."

இடது கை வாரை இழுத்தாள். அடுத்த கூம்பும் சாய்ந்தது.

இதில் எங்களை மிரட்டியது என்ன தெரியுமா? அவள் தயங்கவே இல்லை. தெரியாத பிள்ளை தடுமாறும், அம்மா முகத்தைப் பார்க்கும். இவள் உறுதியாக, உதட்டைக் கடித்துக்கொண்டு, தப்பான பக்கம் இழுத்தாள். இழுத்தவள் விடாமல் பிடித்துக்கொண்டு வேறு இருந்தாள்.

வேலிக்கு வெளியிலிருந்து மதினி கத்தினாள்: "ஏளா! நீ எந்தக் கைல சோறு திங்க?"

ஜெனிலா வலது கையைத் தூக்கிக் காட்டினாள். சரியாகத்தான் காட்டினாள்.

"அப்ப ஏன் இப்படிப் பண்ணுத!"

ஜெனிலா குனிந்து மாப்பிள்ளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அதன் காதில் ஏதோ சொன்னாள். மறுபடி லெப்ட் என்றால் ரைட்; ரைட் என்றால் லெப்ட்.

மூன்றாவது வகுப்பும் அப்படியேதான். முடிந்ததும் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பேலன்ஸ் எல்லாம் ரொம்ப நல்லா இருக்குங்க. ஆனா பக்கம் மாறிட்டே இருந்தா தனியா ஓட்ட விட முடியாதுங்க. ஆபத்து. இன்னொரு வாரம் பாக்கலாம். நீங்களும் டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார். அவருக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

திருநெல்வேலியில் குழந்தைகளுக்கான டாக்டர் ஒருவரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

அன்று லாயத்திலிருந்து திரும்பும் பஸ்சில் மதினி யாருக்கும் போன் பண்ணவில்லை. ஜெனிலா அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள். உப்பளம் தாண்டுகிற வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள், திரும்பாமலே கேட்டாள்:

"தம்பி, இவ வயித்துல இருக்கும்போது நான் குசினில, அடுப்புப் பக்கத்துல வழுக்கி விழுந்தேன்லா... அதுனாலயா இருக்கும்?"

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் என்ன மதினி?"

சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு என்ன தெரியும்? போனில் தேடினவனுக்கு எல்லாமே சாத்தியமாகத்தான் தெரிந்தது.

"அண்ணன்ட்ட சொல்லிருவமா?" என்றேன்.

"சும்ம இரிங்க தம்பி. கடலுக்குப் போற மனுசன்ட்ட போயி இதச் சொல்லவா?"

கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம், கடலுக்குப் போகிறவன் காதில் கவலையைப் போட்டு அனுப்ப மாட்டார்கள். வீட்டில் காய்ச்சலா, கடன்காரன் வந்தானா, மச்சானோடு சண்டையா — எதுவாக இருந்தாலும் அவன் வலையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டுகிற வரை எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். அங்கே அவனுடைய கவனம் முழுக்கத் தண்ணீரில் இருக்க வேண்டும். அவன் ஞாயிறு தவிர தினமும் போகிறவன், ஞாயிறு சொன்னாலும் திங்கள் அந்தக் கவலையோடுதான் போவான் என்பதால், சொல்ல நல்ல நாள் என்று ஒன்று வாய்ப்பதே இல்லை.

அதனால் அண்ணன் வழக்கம்போல் என்னிடம் கேட்பான்: "ஏலே, பிள்ள எப்படிலே குதிர ஓட்டுதா?"

"நல்லா ஓட்டுதாண்ணே."

"ஓட்டுவா... ஓட்டுவா." மீசைக்குள் ஒரு சிரிப்பு. ஏதோ தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை நினைத்துக்கொள்கிற மாதிரி. அந்தப் பெருமையைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். எழுந்து வெளியே போய்விடுவேன்.

இப்படித்தான் போன சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

மிஸ் அன்று எடுத்ததும் மாப்பிள்ளையை அவிழ்க்கவில்லை. ஒரு நீளக் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றி, இரண்டு நுனியையும் பின்னால் நின்ற ஜெனிலாவிடம் கொடுத்தார்.

"மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் லீவுங்க. நாந்தான் குதிரை. எங்க, என்னை அந்த வேப்பமரத்துக்குக் கொண்டு போ கண்ணு பாக்கலாம்."

ஜெனிலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேப்பமரம் இடது பக்கம் இருந்தது. வலது பக்கம் நான், மண்வெட்டியோடு, லத்திக் குவியலுக்குப் பக்கத்தில்.

வலது கைக் கயிற்றை இழுத்தாள். மிஸ் உண்மையான குதிரை மாதிரியே வலது பக்கம் திரும்பி என்னை நோக்கி வந்தார். ஜெனிலா விடவில்லை, இன்னும் அழுத்தி இழுத்தாள். மிஸ் லத்தியை மிதிக்க இன்னும் இரண்டடிதான்.

"மிஸ்! மிஸ்! நீங்களும் தப்பாப் போறீய!"

மிஸ் நின்றார். திரும்பினார். "நீங்களுமா? வேற யாரு கண்ணு தப்பாப் போனது?"

ஜெனிலா லாயத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ளதான் மிஸ். அவனுக்கு லெப்ட் ரைட் தெரியாது. ஏசிராதீங்க மிஸ்... பாவம். வயசாயிட்டுல்லா. நான் வாரா வாரம் அவன் காதுல சொல்லிக் குடுத்துக்கிட்டுதான் இருக்கேன்."

நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மதினி எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியவில்லை.

மிஸ் நிதானமாகக் கேட்டார். "எப்படிச் சொல்லிக் குடுக்கறே கண்ணு? எனக்கும் சொல்லேன்."

"லெப்ட் போணும்னா கைய ரைட்டுக்குக் கொண்டு போணும் மிஸ். கொண்டு போயி அப்படியே பிடிச்சிக்கிட்டு பொறுமையா இருக்கணும். ஒடனே திரும்பாது. நாமளும் அவசரப்படக் கூடாது. கொஞ்சம் கழிச்சுத்தான் மூக்கு திரும்பும்."

"எதோட மூக்கு?"

ஜெனிலா அம்மாவைப் பார்த்தாள். நெளிந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுக்கிற ரகம் நான். ஆனாலும் மீனவன் வீட்டில் பிறந்தவன்தானே! வள்ளத்தின் பின்பக்கம் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? வள்ளம் இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், கைப்பிடியை வலது பக்கம் தள்ளுவார்கள். வலது பக்கம் போக, இடது. தள்ளியதும் திரும்பாது, பிடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். அலையில் மிதக்கிற மாதிரி அவள் குதிரை மேல் உட்கார்ந்திருந்தாளே... எத்தனை தடவை பார்த்தேன்!

"ஏளா, ஒன்னச் சுக்கான் பிடிக்க விட்டது யாரு?" என்றேன்.

"ஒருத்தரும் இல்ல சித்தப்பா."

"அப்பாவா?"

"அப்பா இல்ல! ...அம்மாட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

எங்கள் கரையில் பொம்பளைப் பிள்ளைகளைத் தொழில் வள்ளத்தில் ஏற்றும் வழக்கம் கிடையாது. ஏற்றினால் மீன் படாது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. மதினிக்கு அந்த நம்பிக்கையோடு தண்ணீர் பயமும் சேர்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை எங்களவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. சர்ச்சில் பூசை முடிந்ததும், ஐஸ் பெட்டி கழுவப் போகிறேன் என்று அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போவான். அலையில்லாத உள்துறைக்குள்ளேயே மெதுவாக வள்ளத்தை ஒரு சுற்று விட்டு, சுக்கானை அவள் கையில் கொடுத்திருக்கிறான். அப்பாவும் மகளும் மட்டுமாக, ஊருக்குத் தெரியாமல்.

மதினி மண்ணிலேயே உட்கார்ந்து ஜெனிலாவை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுதாள். நன்றாக அழுதாள். அப்புறம் மூக்கைச் சேலையில் துடைத்துவிட்டு, செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, எங்க இருக்கீய?"

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அண்ணன் குரல். "கரைக்குக் கிட்ட வந்துட்டேன். என்னளா?"

"பிள்ளைய வள்ளத்துல ஏத்துனீயளா?"

எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது.

"...யாரு சொன்னா?"

"குதிர சொல்லிச்சு."

"எது?"

"வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்." போனை வைக்கப் போனவள், திரும்ப வாயருகே கொண்டு வந்தாள். "அவ... நல்லாப் பிடிப்பாளா?"

அண்ணன் குரல் மாறிவிட்டது. "ஏளா, எந் தம்பியெல்லாம் அவகிட்ட நிக்க முடியாது. கைய வச்சா வச்ச மாதிரி இருக்கும் வள்ளம்."

ஸ்பீக்கரில் போட்டது எவ்வளவு தப்பு, பாருங்கள்.

சாயங்காலம் எல்லாக் கதையும் அவனுக்குச் சொன்னோம். டீச்சர், கூம்பு, திருநெல்வேலி டாக்டர். கேட்டுக்கொண்டே இருந்தவன், "என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா..." என்று ஆரம்பித்தான். மதினி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ட்ட சொன்னீயளோ?" அத்தோடு சரி.

யோசித்துப் பார்க்கிறேன். அவன் எங்களிடம் ஒன்றை மறைத்தான். நாங்கள் அவனிடம் ஒன்றை மறைத்தோம். நடுவில் பிள்ளை, குதிரைக்கு ஒன்றும் தெரியாது என்பதை எங்கள் எல்லோரிடமிருந்தும் மறைத்துக்கொண்டிருந்தாள்! நாங்கள் அவளைப் பார்த்துப் 'பாவம்' என்றபோதெல்லாம், அவள் மாப்பிள்ளையைப் பார்த்துப் 'பாவம்' என்றிருக்கிறாள்.

ஏன் என்று நாங்கள் கேட்கவில்லையா? கேட்டோமே! "ஏன் இப்படிப் பண்ணுத!" என்று மதினி கேட்டாள். "ஏன் இப்படி!" என்று நான் மனசுக்குள் கேட்டேன். ஆனால் அந்த 'ஏன்'களில் கேள்விக்குறி இல்லை. பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கிற பெரும்பாலான 'ஏன்' ஆச்சரியக்குறியில்தான் முடிகிறது. பதில் சொன்னால் 'எதிர்த்துப் பேசுதியா' என்போம். சொல்லாவிட்டால் டாக்டரைத் தேடுவோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா, இல்லை எங்கள் வீட்டில் மட்டும்தானா?

மிஸ் அன்றே மாப்பிள்ளையை அவிழ்த்து வந்து அவளுக்கு விளக்கிவிட்டார். "மாப்பிள்ளை வள்ளம் இல்ல கண்ணு. போகற பக்கம் இழுத்தாப் போதும், வந்துருவான்." ஜெனிலா கொஞ்சம் யோசித்தாள். குதிரை மேல் ஏறி உட்கார்ந்து, அதன் காதுப் பக்கம் குனிந்து, "சரி மாப்பிள்ள, ஒனக்காவ மாத்திக்கிடுதேன்" என்றாள். அதன்பிறகு ஒரு கூம்பு சாயவில்லை.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நோட்டில் 'பி'யும் 'டி'யும் இன்னும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்கு வள்ளமும் காரணமில்லை, குதிரையும் காரணமில்லை. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "இந்த வயசுல நெறைய பிள்ளைங்க அப்படி எழுதும் சார். வருஷக் கடைசி வரைக்கும் நான் கூட இருந்து பாக்கேன், வேணும்னா அப்புறம் போலாம்" என்றார். திருநெல்வேலி அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளிவைத்திருக்கிறேன். போக வேண்டி வந்தால் போவோம். அதில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. இப்போது நாங்கள் மூன்று பேருமே சேர்ந்து போவோம், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அண்ணன் கரைக்குக் கிளம்பினான். மதினி செருப்பை மாட்டினாள்.

"எங்களா கிளம்பிட்ட?"

"எம் பிள்ள ஓட்டுறத நானும் பாக்கணும்லா?"

போனோம். கரையில் ரெண்டொரு பேர் முனகினார்கள். மதினி திரும்பிப் பார்த்ததும் வலையில் முடிச்சுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெனிலாவுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, சுக்கான் பக்கம் உட்கார வைத்தான் அண்ணன். எஞ்சினை ஆமை வேகத்தில் வைத்தான். கட்டிக் கிடந்த வள்ளங்களுக்கு நடுவே வெளியே வர வேண்டும்.

"இடது பக்கம் விடுமா. மெதுவா..."

ஜெனிலா சுக்கானின் கைப்பிடியை இடது பக்கம் இழுத்தாள். உறுதியாக இழுத்தாள். பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வள்ளம் நிதானமாக, யோசித்து, வலது பக்கம் திரும்பிப் போய், பக்கத்து வள்ளத்தின் முகப்பில் — அந்த வாரம்தான் புதுப் பெயிண்ட் அடித்தது — 'டம்' என்று முட்டியது.

"ஏலே! யாருலே அது சுக்கான்ல?" பக்கத்து வள்ளக்காரர் பலகையில் படுத்திருந்தவர் எழுந்து நின்று கத்தினார். கரையில் மதினி வாயைத் திறந்தாள். நானும் திறந்தேன்.

அண்ணன் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கையைக் காட்டினான். பேசாதீங்க என்று. அப்புறம் மகள் பக்கம் குனிந்தான்.

"ஏன்மா அப்படித் திருப்புன?"

நிஜமாகவே கேட்டான்.

"போற பக்கம் இழுத்தாப் போதும்னு மிஸ்தான சொன்னாங்க?"

அண்ணன் வலை மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கரையில் மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என்ன ஏது என்று தெரியாமல் கரையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பக்கத்து வள்ளக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. பெயிண்டைத் தடவிப் பார்த்தார். பலகையைத் தட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்... விஷயம் பணமென்றால் 'தம்பியக் கூப்பிடு'தானே!

ஜெனிலா குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டதற்கு எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு — பச்சைப் பெயிண்ட், விரிசல் விட்ட பலகை, ஆசாரி கூலி, எல்லோருக்கும் டீ — ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.